மீன்கொத்திக்குப் பின்னால் பச்சை

அன்ரி எடுக்கும் படங்களில் பறவையின் கண் கூர்மையாக இருக்கும். இல்லாவிட்டால் அது பறவையின் குற்றம்.

"அது அசைஞ்சிட்டுது தம்பி" என்பார். காற்று அடித்தது, பஸ் போய் நிலம் அதிர்ந்தது, படம் கழுவுகிற ஸ்டூடியோக்காரன் பழைய மருந்தைப் பாவித்திருக்கிறான், நான் ஓட்டோவுக்குள் இருந்து மூச்சு விட்டேன். காரணங்கள் எப்போதும் தயாராக இருந்தன. அவருடைய கையும் கண்ணும் மட்டும் அந்தக் காரணங்களில் ஒருநாளும் வந்ததில்லை.

ஒருமுறை, முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு மியூசியத்தில் பஞ்சடைத்து வைத்திருந்த சிறுத்தையைப் படமெடுத்துப் பழகினார். படம் வந்தபோது சிறுத்தையின் முகம் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இதுவும் அசைஞ்சதோ அன்ரி?"

படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பலகை நிலம். அந்தக் காவல்காரன் சப்பாத்தோடை நடந்தவன். நீ கவனிக்கேல்லை."

அவர் வெள்ளவத்தையில், கால்வாயை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தனியே இருந்தார். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தார். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொழும்பில். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். ஆள் பெரிய உடம்பு. பாவாடைக்கு மேல் ஆம்பிளைச் சேட்டு, காலில் ரப்பர் செருப்பு, கழுத்தில் கமரா. இதுதான் அவருடைய கோலம். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் அன்ரி. எனக்கும் அப்படியே. பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டது பொலிஸ் நிலையத்தில் மட்டுந்தான்.

கனடாவில் இருந்த அவருடைய தம்பி என்ன வேண்டும் என்று கேட்டபோது, அன்ரி கேட்டது ஒரு நீட்டு லென்ஸ். பக்கத்து வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து சவர்க்காரமும் சொக்லேட்டும் வந்தன. இவர் வீட்டுக்கு முழங்கை நீளத்தில் ஒரு குழாய் வந்தது.

யுத்த காலம். வில்பத்துக் காடு பூட்டிக் கிடந்தது. யால சில காலம் திறக்கும், சில காலம் பூட்டும். திறந்திருந்தாலும், தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடும் அப்படியொரு குழாயோடும் காட்டுக்குள் போவது புத்தியான காரியம் இல்லை. யானையும் கரடியும் இல்லாவிட்டால் என்ன, கொழும்பிலே உயிர்கள் இல்லையா என்று அன்ரி கேட்டார். இருந்தன. கால்வாய்க் கரையில் முதலைக் குட்டி போலக் கபரகொய்யா என்கிற நீருடும்பு வெயில் காய்ந்தது. நீர்க்காகம் தூணில் ஏறிச் சிறகை விரித்துக் காயப்போட்டது. பேர வாவியில் கூழைக்கடாக்கள் மிதந்தன. இவற்றைத் தேடிப் போக அவருக்கு ஒரு ஓட்டோ வேண்டியிருந்தது. அப்படித்தான் நான் வந்தேன்.

எனக்குப் படிப்பு பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஓரிடத்தில் நின்றதில்லை. ஜிந்துப்பிட்டியில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், முகத்துவாரத்தில் மீன் பெட்டி தூக்கினேன். அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இன்னும் சிலரோடு படுத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை என்பதால் சுற்றிவளைப்பு நடக்கும்போதெல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள்; ஒரு இரவோ இரண்டு இரவோ வைத்திருந்துவிட்டு விடுவார்கள். பொலிஸ் நிலையங்களில் இருத்துகிற வாங்குகளில் எது கால் ஆடும், எது ஆடாது என்று எனக்குத் தெரியும்.

அன்ரிக்கு ஓட்டோதான் காடு. "மனிசரைக் கண்டாத்தான் பறவை பறக்கும். ஓட்டோவைக் கண்டு பறக்காது. அதுக்கு இது ஒரு மாடு மாதிரி" என்பார். பின் ஆசனத்தில் குந்தி, முன் கம்பியில் ஒரு தலையணை உறையைப் போட்டு, அதன் மேல் லென்ஸை வைப்பார். உறைக்குள் பஞ்சு இல்லை, பயறு. பயறு லென்ஸின் உருவத்துக்கு இடம் கொடுக்கும், பிறகு அசையவிடாது. சோதனைச் சாவடிகளில் ஆமிக்காரர் அந்த உறையைக் குத்திப் பார்த்து, அவிழ்த்து, மூக்கில் வைத்து மணந்து, "முங் எட்டத?" என்று கேட்பார்கள். பயறுதான், வேண்டுமானால் அவித்துத் தருகிறேன் என்று அன்ரி சிங்களத்தில் சொல்வார். சிரித்துவிட்டு விடுவார்கள்.

அவர் படமெடுப்பதில் சில பிடிவாதங்கள் இருந்தன. உயிர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் படத்தில் இடம் விடவேண்டும். கொக்கின் மூக்கு படத்தின் ஓரத்தில் முட்டினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். "மதிலுக்கு முன்னாலை கொண்டுபோய் நிப்பாட்டின மாதிரி. பாவம், அது எங்கை போறது?" இந்தப் பிடிவாதம் வீட்டுக்குள்ளும் வந்தது. விருந்தாளி ஒருவரையும் சுவரைப் பார்த்து இருக்கவிட மாட்டார். நான் ஓட்டோவை மதில் பக்கம் முகம் வைத்து நிறுத்தினால் திருப்பி நிறுத்தச் சொல்வார்.

மற்றது, எந்த உயிரையும் மேலே நின்று எடுக்கக்கூடாது. அதன் கண் இருக்கிற உயரத்துக்குக் கமரா இறங்கவேண்டும். குப்பை மேட்டில் நிற்கிற காகத்துக்காக அவர் குப்பை மேட்டின் ஓரத்தில் குப்புறப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தெருவால் போன ஒருவர் பயந்துபோய், "ஆருக்கோ மயக்கம்" என்று தண்ணீர் கொண்டுவந்தார். படுத்தபடியே ஒரு கையால் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, மற்றக் கையால் அவரை விலகச் சொன்னார்.

மூன்றாவது, பின்னணி. அந்த நீட்டு லென்ஸில் ஒன்று கூர்மையானால் மற்றது கரைந்துபோகும். பறவையைப் பிடித்தால் பின்னால் இருக்கிற வீடு, மதில், கொடியில் காய்கிற உடுப்பு எல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். "பின்னாலை என்ன இருக்கெண்டு பாக்காதை தம்பி. என்ன நிறம் இருக்கெண்டு பார்" என்பார். இதிலேதான் நாங்கள் மாட்டினோம்.

கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பாலம், பாலத்தடியில் மணல் மூட்டை அடுக்கிப் பச்சை வலை போர்த்த ஆமிக் காவலரண் ஒன்று, சென்றி என்போம். லென்ஸ் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று நாங்கள் பேசிக்கொள்ளாமலே ஒரு சட்டம் இருந்தது. ஆனால் அந்த மாரி முழுவதும் அன்ரி ஒரு மீன்கொத்தியின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். அது எப்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தது. ஒரு காலை, ஓட்டோ கரையால் மெதுவாகப் போகும்போது, கால்வாயில் நட்டிருந்த ஒரு பழைய கட்டையில் முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தது.

"எஞ்சினை நிப்பாட்டு."

நிறுத்தினேன். பிறகுதான் கட்டைக்குப் பின்னால் பார்த்தேன். "அன்ரி, பின்னாலை சென்றி."

"எங்கை? எனக்குப் பச்சைதான் தெரியுது."

"அந்தப் பச்சைதான் சென்றி."

"அது கரைஞ்சு போகும். இந்தப் பக்கத்தாலை எடுத்தா மதில், அந்தப் பக்கத்தாலை குப்பை. உந்த நீலத்துக்கு இதைவிட நல்ல பச்சை இந்தக் கொழும்பிலை இல்லை."

பயறு உறையைப் போட்டார், லென்ஸை வைத்தார், கையால் ஃபோகஸைத் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டே இருந்தார். மீன்கொத்தி அசையவில்லை. சென்றியில் நின்ற ஆமிக்காரன் அசைந்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு துவக்கோடு ஓடி வந்தான்.

அவன் சின்னப் பெடியன். மூச்சு வாங்கியது. பாலத்தில் பொலிஸ்காரரும் நின்றார்கள். எங்களை அவர்களிடம் ஒப்படைத்தான். ஓட்டோவையும் எங்களையும் அவனையும் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் இறக்கினார்கள்.

அன்ரியை அட்டையில் இருந்த பெயரால் கூப்பிட்டுப் பதிந்துகொண்டு, ஃபிலிமைக் கழற்றிப் பக்கத்து ஸ்டூடியோவுக்குக் கழுவ அனுப்பிவிட்டு எங்களை வாங்கில் இருத்தினார்கள். கால் ஆடுகிற வாங்கு. அன்ரிக்கு நல்ல சிங்களம் தெரியும், பிறந்ததிலிருந்து ஒரே முகவரி, ஒழுங்கையில் மதிப்பு. எனக்கு யாழ்ப்பாணத்து அட்டையும் இன்னொருவரின் ஓட்டோவும். மேல் விசாரணைக்கு அனுப்பினால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். அவர் சில கிழமைகளில் வெளியே வந்துவிடுவார். நான் எப்போது வருவேன் என்று கேட்கவும் ஆள் இருக்காது. குறையாகச் சொல்லவில்லை, அந்த நாட்களில் அதுதான் நடைமுறை.

"பயப்பிடாதை தம்பி. படத்தைக் கண்டா விட்டிடுவினம். எல்லாத்திலையும் கண் பிடிச்சிருக்கிறன்" என்றார் அன்ரி.

மதியம் படங்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் வயதானவர். பிளேன்டீயையும் கருப்பட்டித் துண்டையும் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். மீன்கொத்தி. மீன்கொத்தி. கண்ணில் ஒரு வெயில் பொட்டு, சொண்டின் நுனியில் தண்ணீர்த் துளி. பின்னால் பாலமும் இல்லை, மூட்டையும் இல்லை, துவக்கும் இல்லை. பச்சைப் பாயாசம் போல ஒரு கலங்கல்.

"லஸ்ஸனாய்" என்றார் இன்ஸ்பெக்டர். அழகாயிருக்கிறது என்று. பக்கத்துக் கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவடியில் நின்ற அந்த ஆமிப் பெடியனும் எட்டிப் பார்த்தான். அன்ரி என் பக்கம் திரும்பி, சொன்னேனே என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

கடைசிப் படத்தை வைத்தபோது இன்ஸ்பெக்டரின் கை நின்றது.

அதில் முன்னால் ஒரு நீலக் கலங்கல். பின்னால், கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக, சென்றி. மூட்டைகளை எண்ணலாம். வலையின் கண்களை எண்ணலாம். நடுவில் துவக்கோடு நின்ற பெடியனின் சட்டைப் பொத்தானைக்கூடக் காணலாம்.

அதன் பிறகு நடந்த கதை சிங்களத்தில்.

"இதிலே பறவை எங்கே மிஸ்?"

"அந்த நீலம்தான் சேர்."

"ஏன் இப்படி இருக்கிறது?"

"அது அசைந்துவிட்டது."

இன்ஸ்பெக்டர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இரண்டிலும் ஒரே கட்டையில் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே அசைந்தது? அசைந்தது என்றே வைப்போம். பின்னால் நிற்கிறவன் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறான்?"

"காற்று அடித்தது சேர்."

"காற்று அடித்தால் அவனும் ஆடியிருப்பானே."

கொன்ஸ்டபிள் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மிஸ், எனக்கு இரண்டு வழிதான் தெரிகிறது. ஒன்று, நீங்கள் பறவையைக் குறிவைத்துத் தவறவிட்டீர்கள். இல்லையென்றால், இதில் நீங்கள் குறிவைத்தது பறவையை இல்லை. எது?"

அன்ரி கையால் என்னைக் காட்டினார். "இவன் அந்த நேரம் மூச்சு விட்டான்."

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் என்னை நன்றாகப் பார்த்தார். என் அடையாள அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அன்ரி" என்றேன் மெதுவாக, தமிழில். "தவறிட்டுது எண்டு சொல்லுங்கோ."

"தவறேல்லை."

"தவறாட்டி நாங்கள் சென்றியைத்தான் எடுத்தது. ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

"இவ்வளவு வருசமாக் கண்ணைத்தான் பிடிக்கிறன் தம்பி. ஆரும் கேட்டுப் பார்."

"ஆரைப் போய்க் கேக்கிறது? உள்ளுக்குப் போடப் போறாங்கள். உங்களுக்கு ரெண்டு கிழமை. எனக்கு எவ்வளவெண்டு அவங்களுக்கும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்தார். கழுத்திலிருந்து மேலே முகம் சிவந்துகொண்டு வந்தது. கழுத்தில் கமரா இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சேட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"மட்ட வெரதுனா சேர்."

எனக்குப் பிழைத்துவிட்டது, தவறு என்னுடையது என்று அர்த்தம். மிகவும் மெல்லச் சொன்னார்.

"கேட்கவில்லை மிஸ். இதை நான் எழுதவேண்டும்."

"எனக்குப் பிழைத்துவிட்டது. ஃபோகஸை அளவுக்கு மேல் திருப்பிவிட்டேன். பறவையை விட்டுப் பின்னால் போய் விழுந்துவிட்டது. பறவை அசையவில்லை. காற்றும் இல்லை." மூச்சை எடுத்தார். "இவனும் மூச்சு விடவில்லை."

இன்ஸ்பெக்டர் எழுதினார். கையெழுத்துக்காகத் தாளை நீட்டியபோது அன்ரி முழுவதையும் வாசித்தார். "சேர், இதிலே 'ஒருமுறை மட்டும்' என்று போடலாமா?"

"போடலாம்" என்று சொல்லி, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினார். அந்த ஒரு படத்தின் நெகற்றிவை வெட்டி வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தந்தார். ஆமிப் பெடியன் மேசையடிக்கு வந்து, தயங்கித் தயங்கி, அந்தக் கடைசிப் படத்தைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டது காதில் விழுந்தது. தன்னை இவ்வளவு நன்றாக யாரும் எடுத்ததில்லையாம்.

அதன் பிறகு நாலைந்து நாட்கள் அன்ரி என்னைக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு காலை கூப்பிட்டார், போனோம். பாலத்தைக் கண்டால் லென்ஸை மடியில் வைத்துச் பழைய சேலைத் துண்டு ஒன்றால் மூடிவிடுவார்.

மாரி முடிந்து கொஞ்ச நாளில் அதே பெடியன் பாலத்தில் எங்களை மறித்தான். நான் அட்டையை எடுத்தேன். அவன் அதை வாங்கவில்லை. குனிந்து பின் ஆசனத்தைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்.

"அன்ரி, லீவில் ஊருக்குப் போனேன். அந்தப் படத்தை அம்மா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டா. வருகிற போகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், முன்னால் என்ன நீலத் துணி என்று. பறவை என்று சொன்னால் அம்மாவே நம்புகிறா இல்லை."

"துணியாமா?" என்றார் அன்ரி. ஆமி கைதுசெய்தபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை.

அன்று வீட்டில் மீன்கொத்திப் படங்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துத் தேடினார். அடுத்த நாள் ஆகச் சிறந்ததைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தார். "அம்மாவிடம் காட்டு. இதுதான் அந்தத் துணி."

அவன் பார்த்தான். "இதில் நான் எங்கே?"

"இந்தப் பச்சைக்குள்ளே. இதோ, கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதே, அது நீ."

"இதையும் அம்மா நம்பமாட்டா. ஒன்றில் நான் இருக்கிறேன், பறவை இல்லை. மற்றதில் பறவை இருக்கிறது, நான் இல்லை." தலையைச் சொறிந்தான். "இரண்டு பேரும் தெரிகிற மாதிரி எடுக்கமுடியாதா? அடுத்த கிழமை எங்களை வடக்குக்கு அனுப்புகிறார்கள். போகமுதல் ஒரு காலை எனக்கு ஓய்வு இருக்கிறது."

எல்லாம் தெரிகிற படத்தை அன்ரிக்குப் பிடிக்காது. அது கலியாண வீட்டுக்குத்தான் சரி என்பார். அவர் மறுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"சேட்டு என்ன நிறத்தில் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

பாலத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, பின்னால் தென்னைகள் மட்டும் உள்ள ஓரிடத்தில் சந்தித்தோம். துவக்கும் சீருடையும் இல்லாமல் அவன் இன்னும் சின்னவனாக இருந்தான். வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டு, தலையைத் தண்ணீர் வைத்து இழுத்திருந்தான். அன்ரி நீட்டு லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்ன லென்ஸைப் போட்டார். சின்ன லென்ஸில் எல்லாம் தெரியும், ஆனால் பறவை வெகு கிட்ட வரவேண்டும். அதனால் தண்ணீரோரம் நின்ற ஒரு கட்டைக்குக் கிட்டே சேற்றில் படுத்துக்கொண்டு, ஓலைகளை மேலே போடச் சொன்னார். போட்டேன். பெடியனைக் கட்டைக்குச் சற்றுப் பின்னே நிறுத்தி, வலப்பக்கம் பார்க்கச் சொல்லி, அவன் பார்க்கிற பக்கத்தில் கால்வாய் நீளத்துக்கு இடம் விட்டார்.

"ஹெலவென்ன எபா மல்லி" என்றார் ஓலைக்குள்ளிருந்து. அசையக்கூடாது.

அவன் அசையவில்லை. நுளம்பு கடித்தது, அசையவில்லை. எதிர்க்கரையில் உடுப்புத் தோய்க்க வந்த பெண்கள் சேற்றுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சிரித்தார்கள், அசையவில்லை. மீன்கொத்தி இரண்டு தடவை தலைக்கு மேலால் கத்திக்கொண்டு போனது. வெயில் ஏறியது. அவனுடைய சேட்டு முதுகில் ஒட்டியது. எனக்கே நின்று நின்று நாரி, இடுப்பு எல்லாம் உளைந்தது.

பிறகு அது வந்தது. கட்டையில் இறங்கி, பெடியன் பார்த்த பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தது. ஓலைக்குள் கமரா சத்தம் ஒருமுறை கேட்டது, இன்னொருமுறை கேட்டது. தண்ணீரில் பாய்ந்து, வெறும் சொண்டோடு எழும்பி, மீன்கொத்தி போய்விட்டது.

அன்ரி ஓலைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முன்பக்கம் முழுக்கச் சேறு. அவரைப் பிடித்துத் தூக்கிவிட ஆமிப் பெடியன் ஓடி வந்தான்.

"சரியாக வந்ததா அன்ரி?"

அன்ரி லென்ஸை மூடினார். அவனுக்குச் சிங்களத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்கும் சேர்த்துச் சொல்வது போல என்னைப் பார்த்துக்கொண்டு.

"வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் உன்னில் பிழையில்லை. பறவையிலும் பிழையில்லை."

பெடியனுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, காலைக் கழுவத் தண்ணீரில் இறங்கினான். நான் ஓட்டோவை ஸ்டூடியோப் பக்கம் திருப்பினேன்.